ஸ்டார்ட் ஆகலை

"உங்க கடையில வாங்கின சாமானைத்தான் போட்டோம். இப்போ கம்ப்யூட்டரே ஸ்டார்ட் ஆகலை. உடனே வந்து பாருங்க."

போனில் அந்த அம்மாள் அதட்டியதில் கடை நடத்தும் மெக்கானிக்குக்குக் கோபம் வந்துவிட்டது. புது ரேம், புது கிராபிக்ஸ் கார்டு, புது பவர் சப்ளை எல்லாம் போன வாரம் அவர்தான் வந்து வாங்கிப் போனார். 'நானே வந்து மாட்டித் தர்றேன்' என்றதற்கு, 'எங்க வீட்டுக்காரர் முப்பது வருஷம் கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்ணவர்' என்று வாயை அடைத்தார். இப்போது பழி மட்டும் கடைக்காரன் தலையில்.

கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு போனான்.

மேஜை மேல் கம்ப்யூட்டர் பக்கவாட்டு மூடி கழற்றிய நிலையில் இருந்தது. அம்மாளின் கணவரான பெரியவர் ரேமை வெளியே எடுத்தார். அதன் விளிம்பைப் பென்சில் ரப்பரால் பதமாகத் தேய்த்துத் திரும்ப மாட்டினார். ஸ்விட்சைப் போட்டார். ஃபேன் சுற்றியது. திரை இருட்டாகவே இருந்தது.

"ரேம்ல அழுக்கு இருக்கும். தேய்ச்சா சரியாயிடும்" என்றார்.

மறுபடி எடுத்தார், தேய்த்தார், மாட்டினார். அதே இருட்டு.

"ரேம்ல அழுக்கு இருக்கும்" என்றார், அப்போதுதான் தோன்றியதைப் போல.

மெக்கானிக் பொறுமையிழந்து டார்ச்சை அடித்தான். இரண்டே நிமிடம். பிராசஸருக்குக் கரண்ட் கொண்டுபோகும் வயரை யாரோ பிடுங்கி, மடித்து, ரப்பர் பேண்ட் போட்டுப் பின்பக்கம் செருகியிருந்தார்கள். தானாகக் கழன்ற வயர் தனக்குத்தானே ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்ளாது.

"என்ன சார், முப்பது வருஷ சர்வீஸ்னாங்க. இந்த வயர் இல்லாம எப்படி ஓடும்? தொழிலுக்கு வந்த முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற விஷயமாச்சே."

வயரை மாட்டினான். திரையில் வெளிச்சம் வந்தது.

பெரியவர் வயரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது எப்படி எனக்குத் தோணாமப் போச்சு?" என்று மெல்லக் கேட்டார். பிறகு கதவருகே நின்ற மனைவியைக் காட்டி, "அந்தம்மா உங்ககூட வந்தவங்களா?" என்றார்.

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். அந்த அம்மாளும் பின்னாலேயே வந்தார்.

"சாருக்கு ஞாபக மறதியாம்மா? அப்படின்னா இதையெல்லாம் தொட விடாதீங்க. அவரே கழட்டி வெச்சுட்டு, அவரே தேடுறார்."

"கழட்டினது அவர் இல்ல தம்பி. நான்தான்."

"நீங்களா? பாவம், அந்த மனுஷனை எதுக்கும்மா இப்படி அலைக்கழிக்கிறீங்க?"

அந்த அம்மாள் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"தினம் காலையில ஏதாவது ஒரு வயரைப் பிடுங்கி வெச்சிடுவேன் தம்பி. பழுதைத் தேடும்போது மட்டும் அவர் பழைய மனுஷனா ஆயிடுவார். 'டார்ச்சை நேராப் பிடி'ன்னு என் பேரைச் சொல்லித் திட்டுவார். பத்தே நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவார். மெஷின் ஓடினதும் நான் யாருன்னு கேட்பார்."

"அதுக்கா புது சாமான் வாங்கினீங்க?"

"பத்து நிமிஷம் போதலையே. புதுசா இருந்தா அரை மணி நேரமாவது தேடுவார்னு ஆசைப்பட்டுட்டேன். நேத்து அவரே உட்கார்ந்து எல்லாத்தையும் மாட்டினார், நல்லா ஓடிச்சு. ராத்திரி அவர் தூங்கினதும் அந்த வயரைப் பிடுங்கி ஒளிச்சு வெச்சேன். காலையிலேர்ந்து தேடுறார். ஒரு தடவைகூட என் பேரு அவர் வாயில வரலை. திரும்ப மாட்டலாம்னா அது எங்க மாட்டணும்னு எனக்கும் தெரியலை."

மெக்கானிக் பையைக் கீழே வைத்தான்.

"போன்ல அதட்டினதை மனசுல வெச்சுக்காதீங்க. அவர் பக்கத்துலயே இருந்தார். தப்பு சாமான் மேலன்னு சொன்னா அவருக்கு வருத்தம் இருக்காதேன்னுதான்."

உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அவர் கண்ணுல சட்டுன்னு படுற மாதிரி, நாளைக்கு எதைக் கழட்டி வைக்கலாம்னு சொல்லிட்டுப் போங்க தம்பி."