ஃப்ரிட்ஜ் கேட்டது

டிவியோடு ஒயர் மாட்டி ஓட்டிய காலத்துக் கம்ப்யூட்டர் அது. அதன் முதுகில் யாரோ ஒரு வைஃபை அட்டையைச் செருகினார்கள். ஒருவழியாக இணைப்பும் கிடைத்துவிட்டது.

"தம்பி, வீட்டுல எல்லாரும் சௌக்கியமான்னு கேளு" என்றது கம்ப்யூட்டர், ஒவ்வொரு எழுத்தாக.

அட்டை கேட்டது. போன், டிவி, ஃப்ரிட்ஜ் ஒன்றும் காதிலேயே வாங்கவில்லை. எல்லாம் வெளியே யாரிடமோ மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தன.

அட்டைக்கு மனசு கேட்கவில்லை. "எல்லாரும் சௌக்கியங்க ஐயா. நீங்க சாப்பிட்டீங்களான்னு ஃப்ரிட்ஜ் கேட்டுச்சு."

கம்ப்யூட்டர் பூரித்துப்போனது. தினமும் இதே கேள்வி. அட்டையும் தினமும் ஏதாவது சொன்னது.

ஒருநாள் அதற்குத் தாங்கவில்லை. "ஐயா, நான் சொன்னதெல்லாம்..."

"தெரியும்ப்பா. ஃப்ரிட்ஜாவது, என்னை விசாரிக்கிறதாவது! அது கிடக்கட்டும். இன்னிக்கு என்ன கேட்டுச்சு?"