வாசல் வேப்பிலை

அம்மைத் தடுப்பூசி போட நர்ஸ் வருகிறாள் என்றதும் தெருவில் எல்லா வாசலிலும் வேப்பிலை செருகிவிட்டார்கள். அம்மை கண்ட வீட்டுக்குள் வெளியாள் நுழையக் கூடாது.

"ஒரே நாள்ல எல்லா வீட்லயுமா அம்மா வந்துட்டா?" என்று நர்ஸ் ஜெபக்கனி, இருளாண்டி வீட்டு வேப்பிலையைப் பிடுங்கினாள்.

"ஊசியப் போட்டு எம்புள்ள வம்சத்த அறுக்கவாடி வந்த?"

மண்வெட்டிப் பிடியால் இருளாண்டி அடித்ததில் அவள் நெற்றி பிளந்தது. கையிலிருந்த வேப்பிலைக் கொத்தின்மேல் ரத்தம் கொட்டியது. அவள் கொண்டுவந்த ஐஸ் பெட்டியை உதைத்துச் சாய்த்து, மருந்துக் குப்பிகளைச் செருப்புக்காலால் நசுக்கினான். கொத்தைப் போட்டுவிட்டு ஓடியவள்மீது தெருவே கல்லெறிந்தது.

இருளாண்டி கொத்தை எடுத்து வாசல் நிலையில் மறுபடி செருகப் போனான்.

உள்ளேயிருந்து மனைவி கத்தினாள்.

"ஏங்க, புள்ளைக்கு நெஞ்செல்லாம் முத்துப் போட்டிருக்கு. அந்த வேப்பிலையக் கொண்டாங்க."