ஆம்ப்ளிஃபயருக்குத் தனி லைன்

“சத்தம் கேக்குதா, இல்லையா?” என்றாள் ஷரீபா.

அவள் கணவர் பரக்கத் அலி பாட்டை நிறுத்திவிட்டு ஸ்பீக்கரில் காதை வைத்தார். இடுப்பு உயர ஸ்பீக்கர் இரண்டு, நடுவில் ஆம்ப்ளிஃபயர். பத்து வருஷ ஆசை. பெரியகடை வீதிப் பாத்திரக்கடையில் நாளெல்லாம் தட்டும் குண்டானும் இடிபடுவதையே கேட்டுக் காய்த்துப்போன காதுக்கு, போன வாரம்தான் வாங்கி வைத்திருந்தார்.

“என்ன சத்தம்?”

“ம்ம்ம்னு ஒண்ணு. வண்டு பறக்கற மாதிரி. நல்லா கேளுங்க.”

கேட்டார். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் இருக்கிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதைத் தவிர வேறெதுவுமே கேட்கவில்லை.

“ஆமா ஷரீபா! எனக்கு எப்படி இது தெரியாமப் போச்சு?”

“வீட்டு வயரிங் சரியில்லாட்டி இப்படித்தான் வருமாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.”

அன்று சாயங்காலமே செபஸ்தியான் வந்துவிட்டார். ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டு வேலையில் இருந்தவரை, நாலு தடவை போன் பண்ணிப் பாலக்கரைக்கு இழுத்து வந்திருந்தார் பரக்கத் அலி.

செபஸ்தியானும் காதை வைத்துப் பார்த்தார். மேலே சுற்றிய ஃபேன் சத்தம்தான் கேட்டது. முப்பது வருஷம் டிரில்லர் சத்தத்திலேயே கிடந்த காது; குறை தன்னிடம்தான் என்று நினைத்து, பிளக் பாயிண்டைக் கழற்றினார்.

“பாய், மூணாவது ஓட்டைக்கு வயரே வரல. வீடு முழுக்க எர்த்தே கிடையாது. அப்பவே ரெண்டு வயரோட விட்டுட்டாங்க.”

“அதான் ம்ம்ம்ங்குது! என்ன செய்யணுமோ செய்யுங்க. ஆம்ப்ளிஃபயருக்கு மீட்டர்லேருந்து தனி லைன் இழுத்துடுங்க.”

“தனி லைன் மட்டும் போதுமாண்ணே?” சமையல்கட்டு வாசலில் நின்று கேட்டாள் ஷரீபா. “மத்த லைன்ல இருக்கற கோளாறு இதுல வந்து கலந்துடாதா? கிரைண்டர் இருக்கு, கொல்லையில வாஷிங் மெஷின் இருக்கு...”

செபஸ்தியான் தலையைச் சொறிந்தார். “வீட்டுக்கே எர்த் போட்டுட்டா நல்லதுதான் தங்கச்சி. ஆனா எல்லா ரூம்லயும் சுவரை உடைக்கணும்.”

“உடைங்க,” என்றார் பரக்கத் அலி. “சவுண்டு சுத்தமா வரணும். எனக்கு அவ்வளவுதான்.”

நாலு நாள் வீடே புழுதி. பார்க்க வந்த ஷரீபாவின் தங்கை தஹ்ஸீன் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“மச்சானுக்குத்தான் பாட்டுப் பைத்தியம். உனக்குமா? பாட்டுக் கேக்கறதுக்கு வீட்டையே இடிப்பாங்களா?”

ஷரீபா சிரித்துக்கொண்டே செபஸ்தியானுக்கு இன்னொரு டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். தஹ்ஸீன் சொன்னது சரிதான் என்று அவருக்கும் தோன்றியது. புருஷனாவது பரவாயில்லை, இந்தப் பொம்பளை கொல்லைக் கடைசி வரைக்கும் வயர் போகுதா என்று தினமும் வந்து பார்க்கிறதே!

கொல்லையில் பள்ளம் தோண்டி, பைப்பை இறக்கி, கரியும் உப்பும் கொட்டி எர்த் போட்டார். எங்கேயாவது கரண்ட் கசிந்தால் தானாக அணைந்துவிடும்படி மீட்டர் பக்கத்தில் ஒரு டிரிப்பரும் மாட்டினார்.

அஞ்சாம் நாள் காலையில் பரக்கத் அலி பாட்டைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

“மாஷா அல்லாஹ்! வண்டு போயே போச்சு!”

சந்தோஷமாகக் கடைக்குக் கிளம்பினார். அவர் தெரு முனை திரும்பியிருக்க மாட்டார், ‘டப்’பென்று டிரிப்பர் விழுந்தது.

சாமான்களைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்த செபஸ்தியான் ஒவ்வொரு லைனாகத் தேடிக்கொண்டு கொல்லைக்குப் போனார். வாஷிங் மெஷின் பக்கத்தில் வீட்டு வேலைக்கு வரும் இருளாயி நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு மரக்கரண்டி.

“இப்பத்தாங்க சுவிட்சைப் போட்டேன். அணைஞ்சு போச்சு.”

மெஷினை நகர்த்திப் பார்த்தார். பின்னால் எலி கடித்த வயர் ஒன்று தகரத்தைத் தொட்டபடி கிடந்தது.

“கரண்டி எதுக்கும்மா?”

“கையால அமுக்கினா சுண்டி இழுக்குதுங்க. பொங்கலுக்கு முந்தியிலேருந்தே இப்படித்தான். வீட்டு அம்மாவையும் ரெண்டு தடவை அடிச்சிடுச்சு. போன மாசம் என்னைத் தூக்கியே எறிஞ்சுதுங்க.” தையல் போட்டிருந்த முழங்கையைக் காட்டினாள்.

செபஸ்தியான் புது வயர் மாட்டினார். டிரிப்பரை ஏற்றினார். “இப்பத் தொட்டுப் பாருங்கம்மா.”

இருளாயி முதலில் புறங்கையால் தொட்டாள். பிறகு உள்ளங்கையை நன்றாக வைத்துப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

“ஆளையே கொன்னிருக்கும் தங்கச்சி,” என்றார் செபஸ்தியான், பின்னாலேயே வந்து நின்ற ஷரீபாவிடம். “பாய்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையா?”

“சொல்லாமலா இருப்பேன்? மூணு தடவை சொன்னேண்ணே. ‘ரெண்டு பேரும் செருப்பு போட்டுக்கங்க’ன்னுட்டார். ஸ்பீக்கருக்குன்னு ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்.”