ஆறு நொடிக் கேடயம்

தோகாவிலிருந்து அன்புராஜும் ஊரிலிருந்து தங்கை தமயந்தியும் போனில் ஒரே அணியாக விளையாடிக்கொண்டிருந்தார்கள். எதிரி ஏவிய விஷம் அவனுடைய வீரனின் உயிரை நொடிக்கு நொடி கரைத்தது. ஆட்டத்துக்கு ஒரே கேடயம். அதுவும் ஆறு நொடிதான் தாங்கும்.

“போட்ரவா?”

“அவசரக்குடுக்க! விஷம் இன்னும் ஏறட்டும்ணே. இப்பவே போட்டா வீணாயிரும்.”

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கும் விடுப்பையும் அவன் அப்படித்தான் பத்திரமாக வைத்திருந்தான். ஈரல் கெட்டு எட்டு மாதமாகக் கிடக்கும் அப்பாவே, “இப்ப வராத, ரொம்ப முடியலன்னா கூப்புடுறேன்” என்றிருந்தார்.

“அப்பாட்ட போனக் குடு.”

“தூங்குறாருண்ணே.”

“நேத்தும் அதத்தான சொன்ன?”

“நேத்துலருந்து எழுப்பியும் கண்ணே தொறக்கலண்ணே. ஒன்ட்ட சொல்ல வேணாம்னு அம்மாதான்...”

திரையில் அவன் வீரன் விழுந்துகிடந்தான். தொடாத கேடயம் ஓரத்தில் முழுசாக ஒளிர்ந்துகொண்டிருந்தது.