கேலரி அடுப்பு

"மூணாவது தடவையாச்சுவே. நீரு மாடிப்படி இறங்கும்போதே அடுப்பும் அணைஞ்சிருது. என்ன வித்தைவே இது?"

கோமதிநாயகம் பிள்ளை கேட்டபோது, அடுப்பு ரிப்பேர்க்காரர் ஷாகுல் ஹமீது, வீட்டு வாசலை ஒட்டிய திறந்த வராந்தாவான கேலரியில் குத்தவைத்து, கேக் அடுப்புக்குள் தலையை விட்டிருந்தார்.

பிள்ளையின் கம்பெனி துரை லண்டனுக்குக் கப்பலேறும்போது கொடுத்துவிட்டுப் போன கேஸ் அடுப்பு அது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளை வீட்டில் சைவ சபை கூடும். பதிகம் பாடி முடித்ததும் அவர் மனைவி சண்முகவடிவு அம்மாள் சுட்ட கேக் வரும். "முட்டை சேராத சுத்த சைவக் கேக்" என்று வாராவாரம் சொல்லித்தான் பிள்ளை தட்டை நீட்டுவார்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. சபை கூட இன்னும் மூன்று மணி நேரம்தான்.

"அண்ணாச்சி, இந்தக் குச்சி தீயில சூடா இருக்கிற வரைக்கும் கேஸ் வரும். தீ அணைஞ்சா குச்சி ஆறிரும், கேஸ் தானா அடைச்சுக்கிடும். ஆளைக் காப்பாத்த வச்சது. அது ஒழுங்காத்தான் வேலை செய்யுது."

"அப்ப தீ ஏன்வே அணையுது?"

"மாஹிம் கடல் காத்து."

"காத்து என் வீட்டு அட்ரஸ் விசாரிச்சு வருதாக்கும்."

எதிர்வீட்டு ஜம்பு, அடுப்புக்கு முன்னால் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு வாரமாக வெள்ளிக்கிழமை என்றால் அவருக்கு இதுதான் உத்தியோகம். ஷாகுல் பற்றவைத்தார். பத்து நிமிஷம் நன்றாக எரிந்தது. ஜம்பு தும்மினார். குடை ஆடியது. 'டக்'கென்று அணைந்தது.

"என்னைப் பார்க்காதீங்க. நான் என்ன கடலா?" என்றார் ஜம்பு.

"அந்தக் குச்சியைப் பிடுங்கி எறியும்வே" என்றார் பிள்ளை.

"எறிஞ்சா, தீ போனது தெரியாம கேஸ் கசிஞ்சுகிட்டே இருக்கும். யாராவது ஊதுபத்தி கொளுத்தினா, கட்டடம் கிங்ஸ் சர்க்கிள்ல போய் விழும். அதை மட்டும் நான் செய்யமாட்டேன் அண்ணாச்சி."

"அப்ப ஒண்ணு செய்யுதேன். தாதர்ல ஒரு அடுப்பு மிஸ்திரி இருக்கானாம். இனிமே இந்தக் கட்டடத்து வேலை பூரா அவனுக்குத்தான். ஏமாத்துக்காரனுக்கு இங்க வேலை இல்ல."

ஷாகுலின் கை நின்றது. பதினெட்டு வீட்டு அடுப்புகள். தாராவியில் அவர் ஷெட் திறந்திருப்பதே இந்தக் கட்டடத்தை நம்பித்தான். அது போனால்கூட வேறு இடம் பார்க்கலாம். இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் எங்கே போவது?

"ஒரே ஒரு சோதனை அண்ணாச்சி. அடுப்பை அடுக்களைக்குள்ள தூக்கி வைப்போம். அங்கயும் அணைஞ்சா, இந்தப் படியில நான் கால் வைக்கல. ஜம்பு சார் சாட்சி."

"அடுக்களையில எடமில்ல" என்றாள் சண்முகவடிவு, வாசற்படியில் நின்று.

ஷாகுல் எட்டிப் பார்த்தார். அங்கே கட்டில் போட்டு இரண்டு பேர் தூங்கலாம்.

"எடம் கெடக்கே ஆச்சி."

"சாமி விளக்கு இருக்கு."

"சாமிக்கு கேக் ஆகாதோ?" என்றார் ஜம்பு.

அவள் அடுக்களை வாசலை மறித்துக்கொண்டாள்.

அடுப்பைத் தூக்க வசதியாக ஷாகுல் சிலிண்டரை நகர்த்தினார். பின்னால் ஒரு செய்தித்தாள் பொட்டலம் அவிழ்ந்து கிடந்தது. உள்ளே முட்டை ஓடுகள். எட்டோ, பத்தோ.

நிமிர்ந்து பார்த்தார். சண்முகவடிவின் முகத்தில் ரத்தமே இல்லை. வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள்.

ஷாகுல் சிலிண்டரைப் பழைய இடத்துக்கே தள்ளினார்.

"என்னவே, தூக்கலையா?"

"வேண்டாம் அண்ணாச்சி. தப்பு எம்மேலதான். போன தடவை குச்சியைக் கோணலா மாட்டிட்டேன்."

"கேட்டீரா ஜம்பு? மனுசன் வாயாலயே ஒத்துக்கிட்டான்."

ஷாகுல் பழைய பிஸ்கட் டின் இரண்டை வெட்டி விரித்து, அடுப்பைச் சுற்றி மூன்று பக்கமும் காற்று புகாமல் தகடு அடித்தார். அடுப்பு நின்று எரிந்தது. ஜம்பு குடையை மடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். வீடு முழுக்க கேக் வாசனை.

பையைத் தூக்கிக்கொண்டு ஷாகுல் படியிறங்கினார். தான் சொன்ன பொய் தப்பா, உண்மையைச் சொல்லியிருந்தால் அது சரியா என்று அவருக்கே விளங்கவில்லை.

இரண்டாவது மாடித் திருப்பத்தில், பின்னால் வெறுங்கால் சத்தம் கேட்டது. பிள்ளை, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"ஷாகுலு, நில்லும். தாதர்ல மிஸ்திரியும் கெடையாது ஒருத்தனும் கெடையாது. பதினெட்டு வீடும் உமக்குத்தான். உம்ம மேல தப்பில்லன்னு ஜம்புகிட்டயும் நானே சொல்லிருதேன்."

"சரி அண்ணாச்சி."

"பொட்டலத்தைப் பாத்துட்டீரு, என்ன?"

"எந்தப் பொட்டலம்?"

"நடிக்காதேயும். வாராவாரம் அதை எடுத்துக் குப்பையில போடுதது நான்தான். பூனை தூக்கிட்டுப் போவுதுன்னு அவ நெனைச்சுக்கிட்டிருக்கா."

ஷாகுல் அவரையே பார்த்தார். "எல்லாம் தெரிஞ்சுதான் என்னை ஏமாத்துக்காரன்னு சொன்னீங்களா அண்ணாச்சி?"

"பின்ன என்னவே செய்ய?" பிள்ளை மேலே ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "காத்துதான்னு ஒத்துக்கிட்டா அடுப்பை உள்ள வைக்கணும். சாமி விளக்கு இருக்கிற எடத்துக்கு அடுப்பு வந்தா முட்டை வெளிய போயிரும். முட்டை போயிட்டா, சபையில பதிகம் பாட ஒருத்தன் வரமாட்டான்."