சரிவுக் கணக்கு

"பந்தெறிதல்ல நான் நம்ம பள்ளிக்கூடத்துல படிச்ச காலத்துலேருந்து நிக்கிற என் சாதனையை, நேத்து ஒரு பத்தாம் வகுப்புப் பொண்ணு உடைச்சிட்டாளாம். நீ அதுக்குச் சான்றிதழ் வேற எழுதுறியாக்கும்?"

இயற்பியல் ஆசிரியரான கணவர் சாப்பாட்டு மேசையில் தாளை விரித்தார். விளையாட்டு ஆசிரியையான மனைவி கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினாள். அந்தச் சான்றிதழை நம்பித்தான் அந்தப் பெண் விளையாட்டு விடுதியில் இடம் கேட்டிருந்தாள்.

"உங்களைவிட ஒரு மீட்டர் கூடுதலா எறிஞ்சிருக்கா."

"மைதானம் சரிவுடி. பந்து விழற நேரத்துல தரையும் கீழே இறங்கிடும். ரெண்டு மீட்டர் ஓசியிலயே கிடைக்கும். விசில் ஊதுறவங்களுக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது?"

"அப்போ பள்ளத்தைப் பார்த்து எறிஞ்சா செல்லாதா?"

"யார் எறிஞ்சாலும் செல்லாது. தலைமையாசிரியருக்கே எழுதிட்டேன், பாரு." அடியில் கையெழுத்தைச் சுழித்தார்.

அவள் கடிதத்தை வாங்கி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"போட்டியப்போ நீங்க மைதானத்துப் பக்கமே வரலை, இல்ல?"

"அந்த வெயில்ல எவன் நிப்பான்?"

"அதே வெயில் கண்ணுல அடிக்குதுன்னுதான் இந்த வருஷம் எறியற முனையை மாத்திட்டோம். அவ கீழேயிருந்து மேட்டைப் பார்த்து எறிஞ்சா. மேலேயிருந்து எறிஞ்சதெல்லாம் உங்க காலம்."

கணவரின் பேனா மேசையில் உருண்டது.

"பள்ளிக்கூடச் சாதனைப் பலகையில உங்க பேரை ரெண்டாவதா எழுதலாம்னு இருந்தேன். அதுவும் செல்லாதுன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க."