ஒரே கிண்ணம்

"ஒரே கிண்ணத்துல அத்தினி பேருக்கும் வெக்கப் போறியா? உனக்கு மூளை கீளை இருக்குதா?"

அஞ்சம்மாள் அடுப்படி வாசலில் நின்று கத்தினாள். மருமகள் லூர்துசெல்வி காதில் வாங்கிக்கொண்டால்தானே!

வெந்நீர்ச் சட்டிமேல் பீங்கான் கிண்ணத்தை வைத்து, பாண்டியிலிருந்து வந்த சாக்லேட் கட்டியை உடைத்துப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தாள். ரெண்டு நாள் சேர்த்த பாலேடு. ஒரு கரண்டி வெண்ணெய். பளபளவென்று திரண்டு வந்தது.

அவள் அப்பா பாண்டியில் பிரெஞ்சுக்காரர் வீட்டில் சமையல்காரர். அவர் காட்டிய பலகாரம் இது. நடுவில் கிண்ணம், சுற்றிலும் ரொட்டித் துண்டு, பிஸ்கட், வாழைப்பழம். வந்தவர்கள் எல்லாரும் அந்த ஒரே கிண்ணத்தில் தொட்டுத் தொட்டுச் சாப்பிட வேண்டும்.

விழுப்புரத்தில் இதை யார் கண்டது? அதுவும் பெண் பார்க்க வருகிற அன்றைக்கு!

"எச்சில்னு மூஞ்சியத் திருப்பிக்குவாங்கடி. பேசாம கேசரி கிண்டு."

"எச்சில்தான் அத்தை. தெரிஞ்சுதான் பண்றேன்."

பெண் என்பது அஞ்சம்மாளின் மகள் அமலோற்பவமேரி. மூன்று வருஷத்துக்கு முன்னால் காசநோய் வந்து, தாம்பரம் காசநோய் ஆஸ்பத்திரியில் ஒன்பது மாதம் கிடந்தாள். சுத்தமாகக் குணமாகிவிட்டதென்று டாக்டர் சீட்டே கொடுத்துவிட்டார். ஆனாலும் பார்க்க வந்த ரெண்டு இடமும், விஷயம் தெரிந்ததும் காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டது.

இந்தத் தடவை அண்ணன் இருதயநாதன் எல்லாவற்றையும் முதலிலேயே கடுதாசியில் எழுதிவிட்டான். 'பரவாயில்லை, வருகிறோம்' என்று திண்டிவனத்திலிருந்து பதில் வந்தது.

"வர்றேன்னு சொன்னதே பெருசு. இதையும் வெச்சா ஓடிடுவாங்கடி!"

"ஓடறவங்க இன்னிக்கே ஓடட்டும் அத்தை. கல்யாணத்துக்கு அப்பறம் ஓடுனாதான் பேஜாரு."

அஞ்சம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வாத்தியார் ஞானராஜ், அவன் அம்மா ஜெயம், தாய்மாமன்.

கிண்ணம் நடுவில் வந்து உட்கார்ந்தது.

"பொண்ணுதான் மொதல்ல தொடணுங்க. எங்க பாண்டி வழக்கம்" என்றாள் லூர்துசெல்வி. பாண்டியில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது.

அமலோற்பவமேரி ஒரு ரொட்டித் துண்டை எடுத்துத் தொட்டாள். கடித்தாள். ருசி பிடித்துப் போயிற்றோ என்னவோ, கடித்த துண்டை மறுபடியும் அதே கிண்ணத்தில் முக்கினாள்.

'போச்சு!' என்று அஞ்சம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மாமன் ஜெயத்தைப் பார்த்தார். ஜெயம் கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு ஒரு பிஸ்கட்டை எடுத்து, பெண் தொட்ட அதே இடத்தில் முக்கி வாயில் போட்டாள்.

"அட, நல்லாக்கீதே! இதுல இன்னாம்மா போட்ட?"

அப்புறம் மாமன் கை போயிற்று. ஞானராஜ் கை போயிற்று. அது திரும்பத் திரும்பப் போயிற்று. கிண்ணம் பாதியாகிவிட்டது. அமலோற்பவமேரிக்குக் கண்ணில் நீர் முட்டியது. சந்தோஷம் தாங்காமல் ஒரு துண்டைத் தோய்த்து அம்மாவிடம் நீட்டினாள்.

"நீயும் சாப்பிடும்மா."

அஞ்சம்மாள் ஓரடி பின்னால் போனாள்.

"எனக்கு வேணாம். நான் இன்னிக்கு ஒருசந்தி. பச்சைத்தண்ணிகூடப் பல்லுல படக்கூடாது."

ஞாயிற்றுக்கிழமை ஒருசந்தி என்று எந்தக் கிறிஸ்தவரும் பட்டினி கிடப்பதில்லை. அங்கே இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும்.

நீட்டின கை நீட்டினபடியே நின்றது. ஜெயம் எழுந்து போய் அந்தத் துண்டை வாங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். நிதானமாக மென்று விழுங்கினாள். பிறகு இருதயநாதன் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, கல்யாணத்த ஜல்தியா வெச்சுக்கலாம்ப்பா. பாவம், பொண்ணு எத்தினி நாளைக்குத்தான் இந்த ஊட்ல தனித் தட்டுல சாப்பிடும்?"